பட்டமும் குரலும்

ஊரை விட்டு வந்து நாற்பது வருஷமாகியும், யாராவது எந்த ஊர் என்று கேட்டால், செம்பை பாகவதரின் பாலக்காடு என்றே சொல்வேன். உடனே மரியாதை கூடும். அவர் புகழில் நாமும் கொஞ்சம் குளிர்காய்கிறோம்.

கோட்டாயி அருகே செம்பை கிராமத்தைச் சேர்ந்தவர், 1896ல் பிறந்த வைத்தியநாத பாகவதர். தகப்பனார் அனந்த பாகவதரிடமே பாட்டு கற்றார். கம்பீரமான வெண்கலக் குரல். 1951ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. ஒரு வித்வானுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால், அதிக காலம் ஆகவில்லை, கச்சேரி நடுவே குரல் அடைத்துப் போயிற்று. பட்டத்தால் ஒரு ஸ்வரத்தைக்கூட மீட்டுத்தர முடியவில்லை. பாகவதர் குருவாயூரப்பனையே சரணடைந்தார். சிகிச்சையும் பிரார்த்தனையுமாக நாட்கள் கழிந்தபின் குரல் திரும்பியது. அதன்பிறகு கச்சேரி வருமானத்தில் பெரும்பகுதியைக் குருவாயூருக்கே சமர்ப்பித்தார்.

1973ல் பத்மபூஷண் வந்தது. 1974 அக்டோபர் 16 அன்று ஒற்றப்பாலம் பக்கத்தில் ஒரு கிருஷ்ணன் கோயிலில் பாடி முடித்தார். அன்றே பகவானடி சேர்ந்தார். கடைசிக் கச்சேரி பெரிய சபாவில் அல்ல, சந்நிதியில்.

சென்ற மாதம் பாட்டுப் போட்டியில் பரிசு கிட்டவில்லை என்று என் பேரன் சுருதிப் பெட்டியைத் தொட மறுத்தான். இந்தக் கதையைச் சொன்னேன். பதிலே பேசவில்லை. மறுநாள் காலை பூஜையறையில் தானாகவே உட்கார்ந்து பாடினான். கேட்க ஸ்வாமியும் நானும் மட்டுமே இருந்தோம். அதுவே போதுமாயிருந்தது.