வணிகரின் ஏடும் போர்க்கால வரலாறும்: ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்க்கை

முன்னுரை

கர்நாடகப் போர்களை எழுதிய ஐரோப்பியருள் முதன்மையாகக் கருதப்படுபவர் இராபர்ட் ஓர்ம். அவரது நூலின் முதல் தொகுதி 1763இல் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, அப்போர்களை அவை நடந்த நாளிலேயே பதிவுசெய்த தமிழ் ஏடு ஒன்று புதுச்சேரியில் முற்றுப்பெற்றிருந்தது. 1736 செப்டம்பர் 6 தொடங்கி 1761 சனவரி வரை, இடையிடையே சில பகுதிகள் கிடைக்காமற்போயினும், கால் நூற்றாண்டை அது தழுவி நிற்கிறது. அதனை எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) வரலாறு எழுதும் நோக்கமுடையவர் அல்லர், வணிகர், துபாசி. அவரது ஏட்டின் வலிமையும் குறையும் ஒருங்கே அவரது தொழில் வாழ்க்கையிலிருந்து பிறந்தவை என்பதை இக்கட்டுரை அவ்வாழ்க்கையின் வழியே நிறுவ முற்படுகிறது.

பிறந்த மண்

ஆனந்தரங்கர் 1709 மார்ச்சு 30 அன்று பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை அயன்புரம் (அயனாவரம்), பெரம்பூர்ப் பகுதியில் வணிகம் செய்தவர். இன்று சென்னையின் உட்பகுதியாகிவிட்ட இவ்வூர்கள் அன்று கோட்டைக்கு வடமேற்கே இருந்த தனிக்கிராமங்கள். பெரம்பூர் அப்போது ஆங்கிலேயர் வசம் இல்லை. 1742இல்தான் அது நவாபின் கொடையாக அவர்களைச் சென்றடைந்தது. கடற்கரையில் கும்பினியார் கோட்டை கட்டியிருந்தாலும் உள்நாட்டு அதிகாரம் மேற்கேதான் இருந்தது. 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றபோது தாமல் அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தே ஆட்சி செலுத்தினார். கடற்கரை வணிகத்திற்கும் உள்நாட்டு அரசியலுக்கும் நடுவே வாழ்ந்த குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவர் ஆனந்தரங்கர். இரு தரப்பாருக்கும் இடையே நின்று பேசுவதே பின்னர் அவரது தொழிலாயிற்று.

நயினியப்பரின் வீழ்ச்சி

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக இருந்த நயினியப்பப் பிள்ளை திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர். அவர் அழைத்ததால் குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. 1716இல் ஆளுநர் எபேர் நயினியப்பரைச் சிறையிலிட்டார். கசையடியும் அபராதமும் விதிக்கப்பட்டன. 1717இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவருடைய மகன் குருவப்பர் பிரான்சு சென்று முறையிட்டுத் தீர்ப்பை மாற்றினார். கிறித்தவராகி, செவாலியே பட்டம் பெற்று, தந்தையின் பொறுப்பில் அமர்ந்து, 1724இல் காலமானார்.

ஆளுநரின் மனம் மாறினால் தரகரின் செல்வமும் உயிரும் ஒருசேரப் போகும் என்பதைச் சிறுவயதிலேயே ஆனந்தரங்கர் கண்டார். யார் எப்போது என்ன சொன்னார், எவ்வளவு தொகை கைமாறியது என்பனவற்றை நாள் தவறாமல் எழுதிவைத்த பிற்காலப் பழக்கத்திற்கு வணிகக் கணக்குமுறையோடு இக்குடும்ப அனுபவமும் தூண்டுதலாக இருந்திருக்கும் எனக் கருதலாம்.

துபாசியும் போரும்

1726இல் தந்தை இறந்தபின் ஆளுநர் லெனுவார் ஆனந்தரங்கரைப் பரங்கிப்பேட்டைத் துணிப் பட்டறையின் பொறுப்பில் அமர்த்தினார். நெசவாளர், சாயமிடுவோர், உள்நாட்டு வணிகர் ஆகியோருடன் ஏற்பட்ட பழக்கம் அவரது செய்தி வலையின் அடித்தளமாயிற்று. பின்னர் ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கும் உரிமையாளரானார். 1742இல் துய்ப்ளே ஆளுநரானதும் இருவருக்கும் நெருக்கம் வளர்ந்தது. தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்தார். முறையான நியமனம் தாமதமானாலும் பணிகள் ஆனந்தரங்கரை வந்தடைந்தன.

அதே ஆண்டு செப்டம்பரில் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினார். நகரத்தை மீட்புத்தொகைக்குத் திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்பதில் அவருக்கும் துய்ப்ளேவுக்கும் எழுந்த பூசலை ஆனந்தரங்கர் அருகிலிருந்து எழுதினார். தொடர்ந்து அடையாற்றங்கரையில் மஃபூசுகானின் பெரும்படையை ஆயிரம்பேர் அளவிலான பிரெஞ்சுச் சிறுபடை முறியடித்தது. ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் இதனைப் போர்முறையின் திருப்பமாகக் காண்பர். ஆனந்தரங்கரின் ஏட்டிலோ போரோடு அதன் சுற்றும் பதிவாகிறது: செய்தி கொண்டுவந்தவர் யார், ஊரார் எங்கே ஓடினர், வணிகரின் சரக்கு என்னவாயிற்று, நவாபுக்கு எழுதவேண்டிய கடிதத்தின் தொனி என்ன என்பவை அங்கே இடம்பெறுகின்றன. அவர் பிறந்த மண்ணின் எல்லையிலேயே இப்போர் நடந்தது. எதிர்த்தரப்பின் அலுவலராக இருந்து அதனை அவர் எழுதினார்.

முசாபர் சங்கு அவருக்கு மூவாயிரம் குதிரை மன்சபும் வசாரத் இராயர் பட்டமும் செங்கல்பட்டுச் சாகீரும் வழங்கினார். முகமது அலி பூந்தமல்லிப் பகுதியை ஆங்கிலேயர்க்கு அளித்ததும் ஏறத்தாழ அக்காலமே. தொண்டைமண்டலத்தின் ஊர்கள் இருதரப்புப் படைச்செலவுக்கும் பரிசுக்கும் பொருளாயின. 1752இல் கிளைவு செங்கல்பட்டுக் கோட்டையைக் கைப்பற்றியபின் ஆனந்தரங்கரின் பட்டம் பெயரளவில் நின்றது.

ஊரும் சமூகமும்

ஏட்டின் சமூகவரலாற்றுப் பயன் போர்ச் செய்திக்குக் குறைந்ததன்று. ஏமாற்றிப் பிடிக்கப்பட்ட மக்களை அடிமைகளாக விற்ற கும்பல் 1743இல் அகப்பட்ட செய்தி அதில் உண்டு. கனகராய முதலியார் ஒழுகரையில் எழுப்பிய தேவாலயத்தின் விருந்தில் சாதிக்கேற்பச் சமையலும் பந்தியும் பிரிந்த முறையை அவர் விவரித்து, அதன் பொருத்தத்தையும் ஆராய்கிறார். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், மக்களின் கலக்கத்தையும், தலைவர்கள் ஒன்றுபடாமற்போனதையும் பதிவுசெய்கிறார். அப்போது அவர் பிரெஞ்சு ஆட்சியின் அலுவலர். தடுக்கவும் இயலவில்லை, மறைக்கவும் மனமில்லை. ஏட்டின் மிக நேர்மையான பக்கங்கள் இந்த இக்கட்டில் எழுந்தவை.

சார்பும் சான்றும்

எனினும் ஏட்டை நடுநிலைச் சான்றாகக் கொள்வது தவறு. கனகராய முதலியார் அவருடைய போட்டியாளர். துய்ப்ளேயின் மனைவி ழான் அம்மையார் அவருக்கு இடையூறாக நின்றவர். இவ்விருவரைப் பற்றிய குறிப்புகளில் கசப்பு வெளிப்படை. தம்மைப் பிறர் புகழ்ந்ததை அவர் விரிவாக எழுதுகிறார். தம் ஆதாயத்தை அவ்வளவு விரிவாக எழுதுவதில்லை. சாதி ஏற்றத்தாழ்வை இயல்பெனக் கொள்கிறார். வெற்றி தோல்விகளைக் கிரக நிலையோடு பொருத்துகிறார். இவை நீக்கவேண்டிய மாசுகள் அல்ல. அக்கால வணிக உயர்குடியின் மனநிலைக்கு இவையே முதன்மைச் சான்று. தேதி, விலை, வருகை, கடிதம் ஆகிய செய்திகளில் கணக்கரின் துல்லியத்தையும், மனிதரைப் பற்றிய தீர்ப்பில் போட்டியாளரின் சார்பையும் பிரித்தறிவதே ஆய்வாளர் கடன்.

இறுதிக்காலமும் ஏட்டின் பயணமும்

1754இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1756இல் ஆனந்தரங்கர் பதவி இழந்தார். நோயும் கடனும் நெருக்கியபோதும் ஏட்டை அவர் கைவிடவில்லை. 1760இல் வந்தவாசியில் லாலி தோற்றபின் புதுச்சேரி முற்றுகைக்குள்ளானது. 1761 சனவரி 12 அன்று ஆனந்தரங்கர் காலமானார்; நான்கு நாள்களில் நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

1846இல் கலுவா மொம்பிரேன் அந்த ஏட்டை அவர் குடும்பத்தாரிடம் கண்டெடுத்தார். ஆரியேல் எடுத்த படி பாரிசுத் தேசிய நூலகம் சேர்ந்தது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. மூலத் தமிழ் அச்சேறத் தொடங்கியது 1948இல் புதுச்சேரியில். இடைப்பட்ட காலத்தில் வரலாற்று ஆய்வு பெரிதும் மொழிபெயர்ப்பையே சார்ந்து வளர்ந்தது. பாரசீகம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு, தெலுங்குச் சொற்கள் கலந்த அவரது பேச்சுநடையும், மரியாதை வழக்கின் நுண்வேறுபாடும் மொழிபெயர்ப்பில் முழுமையாக வரக்கூடியவை அல்ல. ஒருவரை அவர் எவ்வாறு சுட்டுகிறார் என்பதே பல இடங்களில் அவர்மீது கொண்ட மதிப்பைக் காட்டும் சான்று. ஆகவே மூலத்தை வாசிப்பது மொழியாராய்ச்சிக்கு மட்டுமன்றி வரலாற்றுக்கும் இன்றியமையாதது.

முடிவுரை

ஆனந்தரங்கர் படைத்தலைவரும் அல்லர், புலவரும் அல்லர். இரு தரப்புக்கும் இடையே நின்றதால் இரு தரப்புச் செய்தியும் அவரிடம் வந்தது; பதவி நிலையற்றதாக இருந்ததால் எதையும் எழுதிவைத்தார்; வணிகராக இருந்ததால் எண்ணோடு எழுதினார். தமிழில் போர், ஊர், சமூகம் ஆகிய மூன்றின் வரலாறும் அவரது ஏட்டில் ஒன்றாகவே அமைந்துள்ளன. இரண்டாம் வீராநாயக்கர் (1778–1792) போன்றோரின் நாட்குறிப்புகளோடு இணைத்துப் படிக்கும்போது, தமிழ் உரைநடை வரலாறு அச்சு நூல்களுக்குள் அடங்கியதன்று என்பதும், கணக்கேடுகளும் அதற்கு மூலமாகும் என்பதும் தெளிவாகின்றன.