கொட்டியாரக் கரையும் எலதெத்தக் காணியும்

திருகோணமலை என்றதும் கோணேசர் ஆலயமும், இயற்கைத் துறைமுகமும், அதனைக் கைப்பற்ற ஐரோப்பியர் இட்ட சண்டைகளுமே எமது நினைவுக்கு வருகின்றன. குடாவின் தென்கரையில், மூதூரில் ஆரம்பமான ஒரு மனிதரின் வாழ்வை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ரொபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தைப் பற்றி நூல் எழுதியவர் என்பதைப் பலரும் அறிவர். இத்தீவில் அவர் காணி வாங்கி, வீடு கட்டி, ஒரு பெண்பிள்ளையையும் வளர்த்தார் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

1641 இல் இலண்டனில் பிறந்த நொக்ஸ், தம் பெயரையே கொண்ட தந்தையார் தலைமை தாங்கிய ‘ஆன்’ என்னும் கப்பலில் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் வந்தவர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலினால் பாய்மரத்தை இழந்த அக்கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையும் மகனும் உட்பட 16 பேரைச் சிறைப்பிடித்தனர். அவர்கள் பிடிபட்டதாகக் கூறப்படும் மூதூர்ப் புளியமரத்தடியில் 1893 இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

செய்தி சொல்ல மகன் மீண்டும் கப்பலுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே தங்கித் தப்பியிருக்கலாம். ஆனால் தந்தைக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் கரைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 19. பண்டார கொஸ்வத்தையில் இருவரையும் காய்ச்சல் வாட்டியது. 1661 பெப்ரவரியில் தந்தை உயிர்நீத்தார். கூலியின்றி உதவ ஊரார் முன்வராத நிலையில், கூலிக்கு அமர்த்திய ஒருவரின் துணையோடு மகனே அவரை அடக்கம் செய்தார்.

அதன்பின் நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், பன்றி வளர்த்தார், ஆண்டுக்கு நூற்றுக்கு 50 வட்டியில் நெல் கடன் கொடுத்தார். சேர்த்த பொருளைக் கொண்டு எலதெத்தவில் 25 லாரின் வெள்ளி நாணயங்களுக்கு ஒரு காணியை வாங்கி வீடமைத்தார். சிறைப்பட்டவர் நில உடைமையாளரானார். மணம் செய்தால் இங்கேயே கட்டுண்டுவிடுவோம் என அஞ்சி மணத்தைத் தவிர்த்தவர், சக ஆங்கிலேயர் ஒருவருக்கு இத்தீவில் பிறந்த லூசியா என்னும் சிறுமியைத் தம் பிள்ளையாகவே வளர்த்தார்.

எனினும் காணியும் வீடும் விடுதலைக்கு ஈடாகவில்லை. ஸ்டீபன் ரட்லன்ட் என்னும் தோழருடன் சில்லறை வணிகராக வடக்கே ஊர் ஊராகத் திரிந்து வழிகளை அறிந்தார். 1679 இல் அநுராதபுரத்தைக் கடந்து, நாம் அருவியாறு என அழைக்கும் மல்வத்து ஓயாக் கரையோரக் காட்டின் வழியே, வன்னியர் ஆட்சிப்புலத்து மக்களின் கண்ணிற்படாது நடந்து, ஒக்டோபர் 18 ஆம் திகதி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை இருவரும் அடைந்தனர். 1681 இல் இலண்டனில் வெளியான அவரது நூல் ஜேர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

இவ்வளவோடு கதை முடிந்திருப்பின் நாம் மனநிறைவுடன் நூலை மூடிவைத்திருப்போம். ஆனால் பத்தொன்பதரை ஆண்டுகள் பிறர் பிடியில் இருந்த அம்மனிதரே, பின்னர் கம்பனியின் கப்பற்தலைவராகி மடகஸ்காரில் அடிமைகளை வாங்கி ஏற்றச் சென்றார். சிறையின் வேதனை தானாகவே ஒருவரைப் பிறர் வேதனை அறிபவராக்கிவிடும் என நாம் நம்ப விரும்புகிறோம். நொக்ஸின் வாழ்வு அந்நம்பிக்கைக்குச் சான்று தரவில்லை.

அதே மனிதர் எலதெத்தச் சொத்தை லூசியாவுக்கே உரித்தாக்கினார் என்பதையும் மறத்தலாகாது. தாம் வளர்த்த பிள்ளையிடம் காட்டிய பரிவைத் தாம் அறியாத பிள்ளைகளிடம் அவர் காட்டவில்லை. 1720 இல் இலண்டனில் மணமாகாதவராகவே மறைந்தார்.

சிறையும், இடப்பெயர்வும், பறிபோன காணியும் என்னவென்பதைத் திருகோணமலை மண் நன்கறியும். நாம் பட்ட துன்பத்தை நினைவில் வைத்திருப்பது எளிது. நாளை எமது கை ஓங்கும்போது, அந்நினைவு பிறருக்குத் துன்பம் இழையாதபடி எம்மைத் தடுக்குமா என்பதே கேள்வி. மூதூர்க் கரையில் சிறைப்பட்ட அந்த இளைஞரின் வாழ்வு எமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.