நீலமலையில் ஏற்றிய விளக்கு: பண்டிதர் அயோத்திதாசர் வரலாறு

பண்டிதர் அயோத்திதாசர் அவர்களின் வரலாற்றை வெள்ளி விழா மலருக்கு எழுதித் தருமாறு நம் சங்கத்தார் பணித்தபோது, அதை எங்கே தொடங்குவது என்று சிறிது தயங்கினோம். சித்த மருத்துவர், பௌத்தப் பெரியார், பத்திரிகை ஆசிரியர் என அவருக்குப் பல முகங்கள் உண்டு. எனினும், நம் இளைஞர்கள் வாசகர் வட்டம் ஒன்று அமைக்க முனைந்திருக்கும் இவ்வேளையில், மக்களைக் கூட்டி வைத்து நூல்களைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் பழக்கிய அயோத்திதாசரையே இங்கு நினைவுகூர விரும்புகிறோம்.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். குடும்பம் பிழைப்பை நாடி நீலகிரிக்கு வந்தது. ஏடும் எழுத்தும் அக்குடும்பத்துக்குப் புதியவை அல்ல. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடி துரையின் வழியே எல்லிஸ் துரையைச் சென்றடைந்த செய்தியைப் பிற்காலத்தில் பேரனே எழுதியுள்ளார். நமக்குக் கல்வி வழிவழியாக இல்லை என்று கூறுவோர், ஒரு பட்லரின் வீட்டில் குறள் ஏடு இருந்த வரலாற்றை எண்ணிப் பார்ப்பார்களாக.

காத்தவராயன் தமிழும் சித்த மருத்துவமும் வடமொழியும் பாலியும் கற்றார். தமக்குக் கல்வி அளித்த அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர்மீது கொண்ட பக்தியினால், ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். இன்று உலகறிந்த பெயர் உண்மையில் ஓர் ஆசிரியரின் பெயராகும்.

1870ஆம் ஆண்டில், தம் இருபத்தைந்தாம் வயதில், நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். பெயர் சுட்டுவதுபோலவே அந்நாளில் அவர் அத்வைத நெறியில் நின்றவர். ஆனால் கற்கக் கற்க ஐயங்கள் எழுந்தன. பின்னாளில் அந்நெறியை விட்டு நீங்கினார். ஒரு கொள்கைக்காகச் சபை கண்டவரே, கல்வியின் பயனாய் அக்கொள்கையை மாற்றிக்கொண்டார். இதனை நாம் குறையாகக் கருதவில்லை. படித்த பின்னும் முன்பிருந்தபடியே இருப்பதற்குப் புத்தகம் எதற்கு?

படிப்பு அவரைச் செயலுக்கு இட்டுச் சென்றது. 1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. கல்வி வசதி, கற்றவர்க்கு உத்தியோகம், பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை முதலியன அங்கே தீர்மானங்களாயின. அடுத்த ஆண்டு சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஆலய நுழைவு உரிமையைக் கேட்டபோது எதிர்ப்பும் அவமதிப்புமே கிட்டின. அந்தப் புண் ஆறவில்லை. 1898ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார்; திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. நான்கு பக்கம், புதன்கிழமைதோறும் வரும், விலை பெயரிலேயே அடங்கியிருந்தது. கூலி வேலை செய்பவனும் வாங்கத்தக்க விலை அது. ஓராண்டுக்குப் பின் வாசகர் விருப்பப்படி ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கிற்று.

கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர், ஹூப்ளியில் வேலை பார்த்தோர், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கச் சென்றோர் ஆகியோரிடமெல்லாம் அவ்விதழ் சென்றது. வாசகர்கள் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பினர். பண்டிதர் நூல் ஆதாரங்களுடன் விடையளித்தார். பண்டிகை ஏன் வந்தது, சாதிப் பெயர் எங்கிருந்து பிறந்தது, ஒரு பழஞ்சொல்லின் பொருள் என்ன என்பனபோன்ற கேள்விகள் அவை. கடல் கடந்தவர்களையும் உள்ளடக்கிய மாபெரும் வாசகர் வட்டம் என்றே அதனை நாம் சொல்லத் துணிகிறோம். அவர் கூறிய சொல்லாராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. ஆயினும், கேள்வி கேட்பதற்கு நமக்கும் உரிமை உண்டு என்று காட்டியது அவ்விதழே.

நம் சங்கத்தின் புத்தக அலமாரியையும் இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. நூல்கள் தொலைந்துவிடும் என்று அஞ்சிப் பூட்டினோம். பின்பு சாவி எவரிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் பல மாதங்கள் கழிந்தன. தொலைந்த நூலையாவது யாரேனும் ஒருவர் படித்திருப்பார். இளைஞர்கள் முதல் வேலையாகப் பூட்டை நீக்கட்டும்; பிறகு ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும்; படிக்கத் தெரியாத தாய்மார்களையும், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத் திரும்பும் அக்காமார்களையும் அழைக்கட்டும்.

பண்டிதர் தம் இறுதிக் காலத்தில் குறளுக்குத் தம் இதழிலேயே உரை எழுதி வந்தார். பாட்டனார் வீட்டு ஏடு பேரன் கையில் பௌத்த நூலாகப் பொருள் பெற்றது. அவ்வுரை முற்றுப்பெறவில்லை. 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் அவர் மகன் பட்டாபிராமன் இதழைச் சில காலம் நடத்தினார். பின்னர் தங்கவயல் அப்பாதுரையார் அதை ஏற்று நடத்தினார். தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களை வெளியிட்டது. அவருடைய எழுத்துகள் பெருந்தொகுதிகளாக வெளிவர 1999ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவரை பழைய ‘தமிழன்’ இதழ்களைச் செல்லரிக்க விடாமல் தங்கள் வீடுகளில் காத்து வைத்திருந்தவர்கள் அவ்விதழின் அன்பர்களும் அவர்தம் வழிவந்தோருமே.