துறைமுகமே இல்லாத கடலில் 5 போர்கள்... சதுரங்கப்பட்டினத்தில் மோதிய பிரெஞ்சு தளபதி சுஃப்ரென் யார்?

மாமல்லபுரத்தில் இருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம் வரும். அங்குள்ள டச்சுக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஆனா, அந்தக் கரையை ஒட்டிய கடலில் 1782 பிப்ரவரி 17ஆம் தேதி பிரெஞ்சு, பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பல்கள் மோதிக்கொண்டது பலருக்கும் தெரியாது. அந்தப் போரில் பிரெஞ்சுப் படையை நடத்தியவர்தான் பியர் ஆந்த்ரே தெ சுஃப்ரென்.

கருங்குழியில் இருந்து பார்க்கலாம்

கதை கரையில் தொடங்குகிறது. ஹைதர் அலியின் படை ஆற்காட்டைப் பிடித்து, சென்னைக்கு நெருக்கடி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். 1781 ஜனவரியில் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் தெற்கே கிளம்பினார். மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் கருங்குழி கோட்டை அவர் படையிடம் விழுந்தது. பிறகு வந்தவாசி, புதுச்சேரி என்று போய் கடலூரில் வந்து மாட்டிக்கொண்டார். நிலத்தில் ஹைதர். கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள். அரிசி வர வேண்டியதோ கடல் வழியாக!

ஆனால், பிரெஞ்சு கடற்படைத் தளபதி தோர்வ், பிப்ரவரி நடுவில் மொரீஷியசுக்கே திரும்பிப் போய்விட்டார். கூட் தப்பினார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து அதே தோர்வ் மறுபடி இங்கே வந்தபோது கூட வந்தவர் சுஃப்ரென். வழியிலேயே 1782 பிப்ரவரி 9ஆம் தேதி தோர்வ் இறந்துபோக, பொறுப்பு இவர் கைக்கு வந்தது.

யார் இவர்?

பிரான்சின் தெற்கே, ப்ரோவான்ஸ் பகுதியில் உள்ள சான் கன்னா என்ற ஊரில் 1729ஆம் ஆண்டு பிறந்தவர். பதின்ம வயதிலேயே கடற்படையில் சேர்ந்து, இளம் அதிகாரியாக பிரிட்டிஷாரிடம் கைதியாகவும் இருந்திருக்கிறார். பருத்த உடம்பு, கடும் கோபம். சண்டை என்றால் நெருங்கிப் போய் அடிக்க வேண்டும் என்பதுதான் இவர் வழி.

சதுரங்கப்பட்டினத்தில் அதைத்தான் செய்யப் பார்த்தார். எட்வர்ட் ஹியூஸ் தலைமையில் வந்த 9 பிரிட்டிஷ் கப்பல்களைவிட இவரிடம் கப்பல்கள் அதிகம். பிரிட்டிஷ் கப்பல் எக்ஸிட்டர் பலத்த அடி வாங்கியது. ஆனாலும் சுஃப்ரெனின் கேப்டன்கள் சிலர் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர் கடைசி வரை அவர்களைத்தான் திட்டினார். தன் திட்டத்தை அவர்களுக்குப் புரியும்படி சொன்னாரா என்பது வேறு கேள்வி.

நிஜமான எதிரி கடற்கரைதான்

இன்றைக்கு சென்னையில் துறைமுகம் இருக்கிறது. அப்போ கிடையாது. கரையை ஒட்டி ஆழம் குறைவு, அலை அதிகம். பெரிய கப்பலின் அடிப்பகுதியோ சுமார் 20 அடி நீருக்குள் இருக்கும். அதனால் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரணும். அக்டோபரில் வாடைக்காற்று பிடித்துவிட்டால் அங்கே நிற்பதே ஆபத்து. ஹியூஸ் பம்பாய்க்குப் போய்விடலாம், அங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கோ மொரீஷியஸ்தான் கதி.

சுஃப்ரென் அங்கே போக மறுத்தார். 1782 ஏப்ரலில் இலங்கைக் கடலில் ஒரு போர். ஜூலை 6ஆம் தேதி நாகப்பட்டினத்தில் இன்னொன்று. அன்றைக்கு தென்மேற்குக் காற்றில் சண்டை நடந்துகொண்டிருக்க, மதியம் திடீரென்று கடற்காற்று திரும்பி அடித்தது. இரண்டு தரப்பு வரிசையும் கலைந்து, யார் எங்கே என்றே தெரியாத நிலை. உடைந்த பாய்மரங்களுக்குப் பதில் சிறிய கப்பல்களின் மரங்களைக் கழற்றி மாட்டி ஒப்பேற்றினார். அந்த மாதமே கடலூர் பக்கம் ஹைதர் அலியையும் நேரில் சந்தித்தார்.

ஆகஸ்ட் இறுதியில் திருகோணமலையைப் பிடித்தார். எந்தப் பருவத்திலும் கப்பல் பத்திரமாக நிற்கக்கூடிய, ஆழமான இயற்கைத் துறைமுகம். ஹியூஸ் வந்து சேர்வதற்குள் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. செப்டம்பர் 3ஆம் தேதி நடந்த போரில் சுஃப்ரெனின் சொந்தக் கப்பலான ஏரோ, நடு பாய்மரத்தையே இழந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். இந்தக் கடலில் நடந்த 5 போர்களிலும் இரு தரப்பிலும் ஒரு பெரிய கப்பல்கூட மூழ்கவோ பிடிபடவோ இல்லை. ஆனால், ஓரியான் என்ற கப்பல் திருகோணமலைக்குள் நுழையும்போது தரைதட்டி அழிந்தது. பிசார் என்ற கப்பல் அக்டோபரில் கடலூர் கரையில் ஏறி நொறுங்கியது. பீரங்கியால் முடியாததை ஆழமில்லாத கடல் செய்தது.

அதே அக்டோபர் 15ஆம் தேதி இரவு சென்னையைப் புயல் தாக்கி, அரிசிக் கப்பல்கள் பல நாசமாகின. ஊரோ ஏற்கெனவே பட்டினியில் இருந்தது. சுஃப்ரென் அந்த மழைக்காலத்தை சுமத்ராவின் அச்சேயில் கழித்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் 1783 ஜனவரியிலேயே திரும்பிவிட்டார்.

கடைசிப் போர் கடலூரில், 1783 ஜூன் 20. ஹியூஸிடம் 18 கப்பல், இவரிடம் 15. தண்ணீர் இல்லாமலும் ஸ்கர்வி நோயாலும் தவித்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். முற்றுகையில் இருந்த கடலூர் மூச்சுவிட்டது. சில நாட்களிலேயே, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டதாகச் செய்தி வந்தது. அதாவது, இந்தக் கடைசிப் போர் நடந்திருக்கவே வேண்டியதில்லை.

நாடு திரும்பியவருக்கு பிரான்சில் பெரிய வரவேற்பு. 1788 டிசம்பர் 8ஆம் தேதி பாரிஸில் இறந்தார். இன்றைய பிரெஞ்சு கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அவர் பெயரில்தான் ஓடுகிறது.