காட்டின் மொழி கற்றவர்

இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலில் 1875ஆம் ஆண்டு பிறந்தவர் ஜிம் கார்பெட். குளிர்காலந்தோறும் குடும்பத்தார் தங்கிய காலாதுங்கியின் காடே அவருக்குப் பள்ளியாயிற்று. மண்ணில் பதிந்த சுவட்டைக் கொண்டு விலங்கின் வகையையும் நடையையும் அறிந்தார்; புள்ளிமானும் கருமுகக் குரங்கும் எழுப்பும் அபாயக் குரலைக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத வேங்கை செல்லும் வழியைக் கணித்தார்.

436 உயிர்களைப் பலிகொண்டதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907ஆம் ஆண்டு வீழ்த்தினார். அதன் வலப்புறக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் சிதைந்திருந்தன. இயல்பான இரையைப் பற்ற இயலாமையே அதனை மனிதர்பால் திருப்பியது என்பதை அவர் உணர்ந்தார். புலியின் கொடுமைக்கு வேராய்க் கிடந்தது மனிதனின் குண்டே.

நாளடைவில் துப்பாக்கியினும் திரைப்படக் கருவியை அவர் மிகுதியும் விரும்பினார். 1936ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றார். ஆயினும் ஆட்கொல்லியால் துயருற்ற மக்களின் அழைப்பை அவர் மறுக்கவில்லை. 1938ஆம் ஆண்டு தக் என்னும் சிற்றூரருகே, துணை தேடித் திரிந்த ஆட்கொல்லிப் பெண்புலியை, ஆண்புலியின் குரலைத் தாமே எழுப்பி அருகில் வரவழைத்துச் சுட்டார். மக்களின் அச்சம் நீங்கியது. காதலின் அழைப்பென்று அவ்விலங்கு நம்பிவந்த குரலே அதற்குக் கூற்றாயிற்று.

1947ஆம் ஆண்டு கென்யாவில் குடியேறிய கார்பெட், 1955ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார். பின்னர் அப்பூங்கா அவர் பெயரைப் பெற்றது. வாழ்நாளெல்லாம் சுவடு பயின்றவருக்கே, அச்சுவடுகள் அருகிவருவதும் முன்னதாகப் புலனாயிற்று.