அரங்கின் அளவறிந்த அடிகள்

சேரர் தலைநகராகிய வஞ்சியின் மணிமண்டபத்தில் தந்தையின் அருகே இரு மைந்தர் வீற்றிருந்தனர். மூத்தவன் செங்குட்டுவன். இளையவரே பின்னாளில் இளங்கோவடிகள் எனத் தமிழுலகம் போற்றும் பெருந்தகை. அவைக்கு வந்த நிமித்திகன் ஒருவன், அரசு கட்டிலில் அமர்வதற்குரிய இலக்கணம் இளையவரிடமே உள்ளதென்று உரைத்தான். தமையன் உள்ளம் வருந்திற்று. அதனைக் கண்ட இளையவர் நிமித்திகனை வெகுண்டு நோக்கினார். தமையன் துயர் தீரக் குணவாயிற் கோட்டத்துப் பெரியோர் முன்சென்று துறவு பூண்டார். அக்கோட்டத்தை அருகன் கோயில் என்கிறார் உரையாசிரியர் அடியார்க்குநல்லார்.

இவ்வரலாறு சிலப்பதிகாரத்தின் இறுதிக் காதையிலேயே அமைந்துள்ளது. செங்குட்டுவனைப் பாடும் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் இத்தம்பியைப் பற்றிய பேச்சு இல்லை என்று ஐயுறும் ஆராய்ச்சியாளர் உளர். காலத்தை இரண்டாம் நூற்றாண்டு என்பாரும், ஐந்தாம் நூற்றாண்டுக்கும் பிற்பட்டது என்பாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறு தீரினும், நூலினுள் நின்று பேசும் துறவியின் உள்ளத்தில் ஐயம் கொள்ள இடமில்லை.

குணவாயிற் கோட்டத்தில் இருந்த அடிகளிடம் மலைவாழ் குறவர் வந்து, வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்த மங்கை வானுலகு சென்ற வியப்பைக் கூறினர். உடனிருந்த புலவர் சாத்தனார் அவள் வரலாற்றை விரித்துரைத்தார். மூவேந்தர்க்கும் உரிய அக்கதையை அடிகளே பாடியருள வேண்டும் என்றும் வேண்டினார்.

ஐம்புலன் அடக்கிய சமண முனிவர் அரங்கேற்று காதையில் ஆடற்கலையை அளந்து காட்டும் திறம் இன்றும் வியப்பளிப்பது. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவற்றை அடிகள் தனித்தனியே வகுக்கிறார். 24 பெருவிரல் அளவுள்ள மூங்கிற்கோலால் அரங்கம் அளக்கப்படுகிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் ஒரு கோல். புகவும் வெளிப்படவும் இரண்டு வாயில்கள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை வைக்கும் முறையும் கூறப்படுகிறது. நிழலைக்கூட மறவாத கண் இது! ஆடி முடித்த மாதவிக்குத் தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சு பொன் மாலையும் கிடைக்கின்றன.

கடலாடு காதையில் பதினோராடல்கள் வருகின்றன. கொடுகொட்டியும் பாண்டரங்கமும் சிவனுக்குரியன. அல்லியம், மல், குடம் ஆகியவை மாயோனுக்கும், துடியும் குடையும் முருகனுக்கும் உரியன. பேடு காமனுக்கும், மரக்கால் கொற்றவைக்கும், பாவை திருமகளுக்கும், கடையம் இந்திராணிக்கும் உரியன. பிற சமயத் தெய்வங்களின் ஆடல்களை இகழ்ச்சி சிறிதுமின்றிப் பதிவு செய்தவர் அருகன் அடி வணங்கிய முனிவர்.

அவருடைய உள்ளத்தின் விரிவை நன்கு காண வேண்டுமாயின், கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்த வழியைப் பின்பற்ற வேண்டும். அவர்களுக்குத் துணையாகச் செல்பவர் கவுந்தியடிகள் என்னும் சமணப் பெண் துறவி. வயல்வழி நடக்கையில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடலாகும் என அஞ்சி எச்சரிப்பவர் அவர். கொடும்பாளூரை அடைந்தபின் வழி மூன்றாகப் பிரிகிறது. வலப்புற வழியில் சிறுமலை தோன்றும், இடப்புற வழி திருமால் குன்றமாகிய அழகர்மலைக்குச் செல்லும், இடைவழி கானகத்தது. மேற்கே சிறுமலையும் தெற்கே அழகர்மலையும் தெரிய வாழும் நத்தம் வட்டாரத்தார்க்கு இக்குறிப்புகள் ஏட்டுச் செய்தி அல்ல. அழகர்மலையில் கிடாரிப்பட்டியை ஒட்டிய குகையில் சமணர் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இன்றும் உள்ளன.

மதுரைக்குச் செல்லும் அக்காட்டு வழியில்தான் எயினரின் கொற்றவை கோயில் குறுக்கிடுகிறது. இளைப்பாறக் கண்ணகி அமர்கிறாள், கவுந்தியும் உடனிருக்கிறார். சாலினி தெய்வமேறி ஆடுகிறாள். குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். ஆநிரை கவர்தலும் உயிர்ப்பலியும் பாடப்படும் வழிபாடு அது. நத்தைக்கு இரங்கிய துறவியின் முன்னிலையில் அவ்வாட்டம் நிகழ்கிறது. அடிகள் நினைத்திருந்தால் கவுந்தி வாயிலாக அதனைக் கடிந்திருக்கலாம். கடியவில்லை, துடியின் ஒலியும் வேட்டுவ வரியும் முழுமையாக ஒலிக்கின்றன. சாலினி கண்ணகியைப் புகழ, அவள் நாணிக் கணவன் முதுகுப்புறம் ஒதுங்கி முறுவலிக்கும் காட்சியையும் அங்கேயே வைத்தார். கொல்லா நோன்பில் அவர் தளர்ந்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்ததையும் அவரே பாடியுள்ளார்.

ஆயர் மகளிரின் குரவையையும், குன்றக் குறவரின் ஆடலையும், செங்குட்டுவன் முன் சாக்கையன் ஆடிய கொட்டிச்சேதத்தையும் இந்நூலே காத்துத் தந்தது. சாக்கையர் மரபு கேரளத்துச் சாக்கியார் கூத்தாக இன்றும் வாழ்கிறது.

1892இல் உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையுடன் நூலைப் பதிப்பித்தபின் இசையறிஞர் பார்வை இதன்பால் திரும்பிற்று. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டார். விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் வந்தது. ஆய்ச்சியர் குரவையில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரப்பெயர் பெற்று வட்டமாக நின்ற எழுவர் மகளிரே தமிழிசையின் பாலை முறையை ஆராய்வோர்க்கு வழிகாட்டினர். கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை. யாழும் பாட்டும் நிறைந்த அப்பகுதியைப் பயில்வோர் இன்றளவும் பழைய அரும்பதவுரையின் சிறு குறிப்புகளையே துணைக்கொள்கின்றனர்.