எலுமிச்சை சாறால் பிறந்த பிஹெச் மீட்டர்: யார் இந்த ஆர்னால்டு பெக்மன்?

குடிநீர், பால், மண், மருந்து என எதை எடுத்தாலும், அமிலத்தன்மை எவ்வளவு என்று பார்க்க ஆய்வகங்களில் முதலில் தேடுவது பிஹெச் மீட்டரைத்தான். அதன் உயிர், நுனியில் உள்ள கண்ணாடி எலக்ட்ரோடு. 1934 வரை அது கை பட்டாலே உடையும் நிலையில் இருந்தது. அந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் ஆர்னால்டு பெக்மன்.

கொல்லர் மகன்

1900 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாகாணத்தில், குல்லம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா இரும்புக் கொல்லர். 9 வயசில் வீட்டுப் பரணில் கிடைத்த பழைய வேதியியல் புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பரிசோதனை செய்ய அப்பா ஒரு கொட்டகையையே விட்டுக் கொடுத்தார். ஊமைப்படங்களுக்கு தியேட்டரில் பியானோ வாசித்தும் சம்பாதித்தார்.

வேதியியல் படித்தவர், இடையில் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது வெற்றிடக் குழாய்களை, அதாவது அந்தக் கால ரேடியோ வால்வுகளைக் கற்றுக்கொண்டார். 1928-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆசிரியர் ஆனார்.

எலுமிச்சை கொடுத்த தலைவலி

1934-இல் பழைய கல்லூரி நண்பர் கிளென் ஜோசப் உதவி கேட்டு வந்தார். பழ விவசாயிகள் கூட்டமைப்பின் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. பழமாக விற்க முடியாத எலுமிச்சையைப் பிழிந்து, கெடாமல் இருக்க சல்ஃபர் டை ஆக்சைடு சேர்ப்பார்கள். அது லிட்மஸ் தாளை வெளுக்க வைத்தது. ஹைட்ரஜன் எலக்ட்ரோடையும் கெடுத்தது.

மிச்சம் இருந்தது கண்ணாடி எலக்ட்ரோடு மட்டும். ஆனால், கண்ணாடி வழியே வரும் மின்னோட்டம் ரொம்பவே குறைவு. அன்றைய கால்வனோமீட்டர் அதை உணர வேண்டுமென்றால் கண்ணாடி பெரிதாகவும் படு மெல்லிசாகவும் இருக்கணும். அப்படிச் செய்தால் அடிக்கடி உடையும்.

பெக்மன் கண்ணாடியோடு மல்லுக்கட்டவில்லை. 2 வெற்றிடக் குழாய்களை வைத்து சிக்னலைப் பெருக்கினார். இதனால் எலக்ட்ரோடு சின்னதாக, தடிமனாக இருந்தாலே போதும் என்றாகிவிட்டது.

கொஞ்ச நாளில் ஜோசப் திரும்பி வந்து இன்னொன்று கேட்டார். காரணம், முதல் கருவியை சக ஊழியர்கள் எடுத்துப் போய்விடுகிறார்கள்! இதை விற்கலாமே என்று பெக்மனுக்குத் தோன்றியது அப்போதுதான்.

1935-இல் 195 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 10 வருஷத்தில் 600 விற்கலாம் என்று ஒரு விற்பனையாளர் கணக்குப் போட்டார். 1936-இல் மட்டுமே 444 விற்றன. பிறகு ஆசிரியர் வேலையை விட்டு முழுநேரத் தொழிலதிபர் ஆனார் பெக்மன். 1941-இல் அவர் நிறுவனம் டியூ ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை வெளியிட்டது. சம்பாதித்ததில் பெரும் பகுதியை அறிவியல் ஆராய்ச்சிக்கே நன்கொடையாகக் கொடுத்தார். 2004-இல், 104 வயதில் காலமானார்.

எலக்ட்ரோடை எப்படிக் காப்பாற்றுவது?

மீட்டர் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால், பெரும்பாலான மீட்டர்களில் இன்றும் கண்ணாடிக் குமிழ்தான். தூக்கிப் போடும் எலக்ட்ரோடுகளில் பல, பராமரிப்பு இல்லாமல் கெட்டவை.

* காய விடக் கூடாது. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்தபடி வைக்கணும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போடுவது தப்பு. அது உள்ளிருக்கும் அயனிகளை வெளியே இழுத்துவிடும்.
* கழுவிய பிறகு குமிழைத் தேய்க்காமல், மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தால் போதும்.
* காய்ந்துபோனால் அதே கரைசலில் ஒரு ராத்திரி ஊற வைத்துப் பார்க்கலாம்.
* உப்புப் படிவு இருந்தால் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுமார் 15 நிமிஷம் வைக்கலாம். பால் போன்றவற்றின் புரதப் படிவுக்கு, அமிலத்தில் கரைத்த பெப்சின் உதவும். சுத்தம் செய்தபின் சேமிப்புக் கரைசலில் ஊற வைத்து, மறுபடி அளவீடு சரிபார்க்கணும்.
* நல்ல எலக்ட்ரோடு 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஹெச் அலகுக்கு சுமார் 59 மில்லிவோல்ட் காட்டும். சுத்தம் செய்த பிறகும் இது ரொம்பக் குறைந்தால் மட்டும் புதுசு வாங்கலாம்.